வளர்த்தவரிடமே கொல்லச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணையில் நான் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். குஞ்சு இறக்கும் நாளில் உமிக்கு மேலே பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் உடைத்த மக்காச்சோளத்தைத் தூவுவோம். புதுக் குஞ்சுக்கு உமி எது, தீவனம் எது என்று தெரியாது. தாளில் கொத்தினால் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு மற்றக் குஞ்சுகளும் ஓடிவந்து தின்னப் பழகும். உங்கள் நாளிதழை நான் நிறையப் படித்தது அப்படி விரிக்கும்போதுதான்.

போன பேட்ச் இறங்கிய அன்று விரித்த ஒரு தாளில் பறவைக் காய்ச்சல் செய்தி இருந்தது. எத்தனை ஆயிரம் கோழிகளை அழித்தார்கள், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கண்காணிப்பு, முட்டை விலை என்ன ஆனது என்று எல்லாம் விவரமாகப் போட்டிருந்தார்கள். அழித்தவர்களைப் பற்றி, பாதுகாப்பு உடை அணிந்த ஊழியர்கள் என்று நாலு சொல் வந்திருந்தது. அவ்வளவுதான். எனக்கு அந்தத் தாளை விரிக்க மனம் வரவில்லை, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த ஊழியர்கள் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று யாராவது கேட்டிருப்பார்களா என்ற நினைப்பு என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோழிப்பண்ணை என்றால் தீவனம் போடுவது, தண்ணீர் வைப்பது, வண்டி வந்தால் பிடித்துக் கொடுப்பது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் இன்னொன்றும் உண்டு. அதைக் 'கழிப்பது' என்போம். சூப்பர்வைசர்கள் கல்லிங் என்பார்கள். கால் ஊனமான குஞ்சு, தொப்புள் மூடாத குஞ்சு, வளராமல் பொடியாகவே நிற்கும் குஞ்சு, பிற்பாடு நெஞ்சு கனத்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும் கோழி, இவற்றையெல்லாம் தேடி எடுத்துக் கொன்றுவிட வேண்டும். விட்டுவைத்தால் தண்ணீர்க் குழாய் வரை போக முடியாமல் தாகத்தில் துடிக்கும், மற்றவை ஏறி மிதிக்கும். அதனால் கழிப்பது அந்த உயிருக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். 16 வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தாலும் கை அதை ஒத்துக்கொள்வதில்லை.

கணக்கும் ஒன்று இருக்கிறது. எங்களைப் போன்ற ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்டும் ஆளும் பண்ணைக்காரருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுப்பார்கள். தேறாத குஞ்சு நாலு வாரம் தீவனம் தின்றுவிட்டுச் செத்தால் அந்தத் தீவனமும் கணக்கில் ஏறி, கூலி குறையும். ஆகவே முதல் வாரத்திலேயே கழித்துவிடு என்பார்கள். அதாவது, தேறுமா தேறாதா என்று நமக்கே நிச்சயமில்லாத வயதில். ஒரு குஞ்சின் எடை ஏறத்தாழ 40 கிராம். உள்ளங்கையில் வைத்தால் சூடு தெரியும், கனம் தெரியாது. அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு நான் முடிவு செய்ய வேண்டும். சில நாள் சூப்பர்வைசர் வரும்வரை ஒன்றிரண்டை முந்தானையில் வைத்து, வெல்லத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் பிழைத்ததும் உண்டு.

இந்தக் குஞ்சுகளை முதல் வாரம் நாங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் மற்றது புரியும். புதுவயல் அரிசி ஆலையிலிருந்து உமி வந்து இறங்கும். அதைப் பரப்பி, சுற்றிலும் தகடு நிறுத்தி, பல்பு கட்டி, 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வைப்போம். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். குஞ்செல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர் என்று பொருள். தகட்டோரம் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். தட்டில் நெல் காயப்போட்ட மாதிரி சீராகப் பரவிப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளுக்கும்கூட இப்படிக் கண்விழித்ததில்லை, அவர்களை என் மாமியார் பார்த்துக்கொண்டார். இப்படி ஏழு ராத்திரி விழித்துப் பார்த்த அதே ஆளிடம்தான் காலையில் வாளியைக் கொடுத்து, நொண்டிக் குஞ்செல்லாம் பொறுக்கிவிடு என்கிறார்கள்.

நான் முதன்முதலாகக் கழித்தது வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள். யாரும் சொல்லித்தரவில்லை. கழுத்தைத் திருகிப் போடு என்றார்கள். திருகினேன், வாளியில் போட்டேன், அடுத்த வரிசைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வாளியில் அது கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. நான் எத்தனை நேரம் வரிசை பார்த்தேனோ அத்தனை நேரமும் அது அப்படியே கிடந்திருக்கிறது. அதற்கு அப்புறம் ஆயிரக்கணக்கில் கழித்திருப்பேன், எதுவும் தனியாக ஞாபகமில்லை. அந்த ஒன்று மட்டும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு கால்நடை டாக்டர் வேறு வேலையாகப் பண்ணைக்கு வந்தார். நான் வாளியும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். பிறகு உமி மூட்டை மேல் உட்கார்ந்து அரைமணி நேரம் செய்துகாட்டினார். திருகக் கூடாது. எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், மண்டை ஓட்டுக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் விரலுக்கு இடைவெளி தட்டுப்பட்டால்தான் சரியாக நடந்திருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. உடம்பு சிறகடித்தாலும் அதற்கு உணர்வு இருக்காது, ஆனால் கண்ணைத் தொட்டுப் பார், இமை அசையாமலும் மூச்சு இல்லாமலும் இருந்தால் மட்டும் வாளியில் வை, அவசரப்படாதே என்றார். பெரிய கோழி என்றால் பெண்களின் மணிக்கட்டுக்கு அது கஷ்டம், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்த அரைமணி நேரம் எனக்குச் செய்த நன்மையை எந்தச் சம்பள உயர்வும் செய்ததில்லை. அன்றிலிருந்து வேலை சுலபமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படுத்தபின் வாளியில் ஏதாவது அசைகிறதோ என்ற நினைப்பு போயிற்று. உயிருக்கு வலி குறைந்தால் அதைச் செய்பவருக்கும் பாதி குறைகிறது. இந்தப் பயிற்சியை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஏன் கொடுக்கக் கூடாது?

ஊரில் இதைச் சொன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள். செட்டிநாட்டில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா, வாரம் தவறாமல் கோழி அறுத்துக் குழம்பு வைக்கிறோமே, அப்போது வராத வருத்தம் பண்ணையில் மட்டும் எப்படி வருகிறது என்று. நியாயமான கேள்விதான். நானும் வீட்டில் நாட்டுக்கோழி அறுத்தவள். முனியையாவுக்கு நேர்ந்துவிட்ட சேவலை அறுக்கும்போது பக்கத்தில் நின்றவள். ஆனால் வீட்டில் அறுக்கும் கோழிக்கு ஒரு காரணம் இருக்கிறது. விருந்தாளி வந்திருப்பார், பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும், சாமிக்கு நேர்ந்திருப்போம். அது இலைக்கு வருகிறது, பத்துப் பேர் வயிறு நிறைகிறது. குழியில் போடும் கோழி யாருக்கும் போவதில்லை. என் கை ஏன் அதைச் செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மஞ்சுவிரட்டுக் காளை செத்தால் மாலை போட்டு, வேட்டி துண்டு போர்த்தி, கொட்டு அடித்து அடக்கம் செய்கிறார்கள். பெண்கள் ஒப்பாரி வைப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு அழுகிறாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அப்படி அழுது தீர்க்கிற பழக்கம் உள்ள ஊரில்தான் நாங்கள் அழ இடமில்லாமல் இருக்கிறோம்.

2020 மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதுவரை இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்று அரசாங்கமே சொன்னது, யார் கேட்டார்கள்? விலை விழுந்தது. வளர்த்ததை வாங்க ஆளில்லை. மார்ச் 25 முதல் ஊரடங்கு. எங்கள் கொட்டகையில் சுமார் 3,000 கோழி, பிடிக்கும் வயதைத் தாண்டி, ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். பிடிக்கிற வண்டியும் வரவில்லை, தீவன வண்டியும் வரவில்லை. இருந்த மூட்டைகளைப் பாதி பாதியாகப் போட்டோம். பங்குனி வெயில் வேறு. பசியில் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. பண்ணைக்காரர் நல்ல மனுசர். சுற்றியுள்ள ஊர்க்காரர்களை வந்து சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினார். கொரோனாவுக்குப் பயப்படாதவர்கள் சாக்குப்பையோடு வந்து வாங்கிப் போனார்கள். அப்புறம் ரோட்டில் போலீஸ் நிற்கிறது என்று அவர்களும் நின்றுவிட்டார்கள். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம்.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் ஜேசிபி வந்து கொட்டகைக்குப் பின்னால் கருவேலங்காட்டு ஓரம் குழி வெட்டியது. அந்தச் செம்மண் சரளையில் குழி வெட்டவே அரை நாள் ஆனது. மேலேயிருந்து வந்தவர், "அப்படியே தள்ளி மூடிருங்க, நேரமாகுது" என்றார். உயிரோடு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல நான் எழுதவில்லை. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது, அவருக்கும் யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களோடு 22 வயதுப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவான். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "உயிரோட போட மாட்டோம் சார். நாங்க கையால பாத்துக்கிறோம்" என்றான். நானும் ஆமாம் என்றேன். டாக்டர் சொல்லிக்கொடுத்ததை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தானே. நாங்கள் நாலு பேர், அன்று மத்தியானம் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை. பெரிய கோழிகள். மறுநாள் மதியத்துக்குள்ளேயே என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவன் என் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். பிடிப்பதற்குக் கொட்டகைக்குள் போனால் அவை ஓடவில்லை. 40 நாளுக்கு மேல் தீவனம் போட்ட கால்களல்லவா? எங்களைப் பார்த்ததும் தீவனம் வருகிறது என்று கூட்டமாகக் காலடிக்கு ஓடி வந்தன. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பண்ணைக்காரர் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசிவரை திரும்பவில்லை, ஆனால் இடத்தை விட்டும் போகவில்லை. அவர் நின்றது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியில் சுண்ணாம்பைக் கொட்டி மண்ணை மூடினோம். வீட்டுக்குப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்தேன். வீட்டுக்காரர், "கோழிதானே, விடு" என்றார். அவர் மேல் தப்பில்லை, கொத்தனார் வேலை நின்றுபோய் அவரே கவலையில் இருந்தார். மறுநாள் கொப்புடையம்மன் சன்னதியில் நின்று மனசைக் கொட்டலாம் என்றால் கோயிலும் பூட்டிக்கிடந்தது. நான் சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை போடுகிறவள். அன்று வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினேன், குழி வாசனை வந்துவிட்டது. அன்றோடு வெற்றிலையை விட்டேன். தூக்கத்தில் என் விரல்கள் எதையோ பிடிக்கிற மாதிரி மடங்கி இறுகுமாம், மகள் பார்த்துவிட்டு விரல் விரலாகப் பிரித்துவிடுவாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி இருந்தது.

அந்தப் பையன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். எல்லோரும் கொரோனாவுக்காகக் கழுவுகிறான் என்று நினைத்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கோழியைத் தொடுவதில்லை, தின்பதும் இல்லை. எப்போதாவது ராத்திரியில் போன் பண்ணுவான். நல்லா இருக்கியாக்கா, பிள்ளைங்க என்ன படிக்குது என்று கேட்டுவிட்டு, வைக்கப் போகும்போது, "அக்கா, அந்த எடத்துல இப்ப என்ன இருக்கு?" என்பான். தென்னங்கன்று வச்சிருக்காங்கப்பா, நல்லா வருது என்பேன். போன தடவையும் அதைத்தான் கேட்டான். இந்த தடவையும் அதைத்தான் கேட்டான்.

என் தங்கை மகன் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் இதைக் கொஞ்சமாகச் சொன்னேன். "பெரியம்மா, இது உங்களுக்கு மட்டும் வந்தது இல்ல" என்று சொல்லிப் படித்துக் காட்டினான். 2001-ல் இங்கிலாந்தில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்களாம். கம்ப்ரியா என்ற பகுதியில் 54 பேரை 18 மாதம் வாரா வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்லி ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் பண்ணைக்காரர்கள் மட்டுமல்லாமல் கால்நடை மருத்துவர்களும் அழிப்பு வேலையில் இருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். திடீர் திடீரென்று அந்தக் காட்சி கண்முன் வருவது, வீட்டில் சாவு விழுந்த மாதிரி துக்கம், இன்னொரு தடவை வந்துவிடுமோ என்ற பயம், அதிகாரிகள் மேல் நம்பிக்கை போனது எல்லாம் அதில் இருக்கிறது. அதே நோய்க்காக நெதர்லாந்தில் மாடுகளைப் பறிகொடுத்த பால்பண்ணைக்காரர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனக்காயத்தின் கடுமையான அறிகுறிகள் இருந்தனவாம். அவன் படிக்கப் படிக்க நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடல்தாண்டி எங்கேயோ ஒரு மனுசர் என் விரல் மடங்குவதைப் பற்றி எழுதிவைத்த மாதிரி இருந்தது.

நம் நாட்டில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006-ல் மகாராஷ்டிராவில் நவாப்பூரில் தெரியவந்தது என்று அவன் சொன்னான். அதற்கு அப்புறம் எத்தனையோ முறை. பக்கத்தில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயத்தில் வாத்துகளைத் திரும்பத் திரும்ப அழிக்கிறார்கள். 2022-ல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பன்றிகளை அழித்தார்கள். அதற்கு மருந்தே இல்லை. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதை அழிக்க வேண்டும் என்பது விதி. அழிக்காவிட்டால் நோய் இன்னும் பல பண்ணைகளுக்குப் போகும், பறவைக் காய்ச்சல் என்றால் மனிதர்களுக்கும் வரலாம். அதனால் அந்த விதி வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்த வேலைக்குப் போகிறவருக்கு முழு உடை, கண்ணாடி, கையுறை, காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுத்து, பத்து நாள் உடம்பைக் கவனிக்கிறார்கள். மிகவும் நல்லது. அழிக்கும் பறவைக்கு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக இழப்பீடு கொடுக்கின்றன, அது உடைமைக்காரருக்குப் போகிறது. எங்களுடையது மாதிரி சந்தை விழுந்து அழித்ததற்கு அதுவும் கிடையாது. உடம்பைக் கவனிக்கிற அந்தப் பத்து நாளில், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க எவ்வளவு செலவாகும்?

டாக்டர்களுக்கும் இதே கதைதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பசு பாழுங்கிணற்றில் விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். எழுந்திருக்கவே முடியவில்லை, மூன்று நாள் முனகிக்கொண்டு கிடந்தது. மாட்டை எப்படிக் கொல்வது, பாவம் என்று ஒரு பக்கம் பேச்சு. இனித் தேறாது என்று தெரிந்த உயிரின் வேதனையை முடித்துவைக்க 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த வீட்டு அம்மா பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார், டாக்டர் முதலில் மயக்க ஊசி போட்டு, அப்புறம் மற்றதைப் போட்டார். எல்லாம் முடிந்து எல்லோரும் அந்த அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தோம். நான் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தால் டாக்டர் பைக் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். தண்ணீரைக் கொடுத்தேன். "இந்த வாரம் இது மூணாவதும்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவயசுப் பிள்ளை, என் தங்கை மகன் நாளைக்கு இப்படித்தான் நிற்பான் என்று தோன்றியது.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. முக்கியமாக ஒன்றுதான். வளர்த்தவரையே அந்த வேலைக்கு விடாதீர்கள். முதல் கொட்டகையில் கழிக்க வேண்டியதை இரண்டாம் கொட்டகை ஆள் செய்யட்டும், அவருடையதை இவர் செய்யட்டும். சின்னப் பண்ணையில் அதற்கு வழியில்லை என்றால், தனியாகவாவது விடாதீர்கள். இரண்டு பேராகப் போகும்போது ஒருவர் பிடிக்க ஒருவர் பார்க்க, கை தளர்ந்தால் மாற்றிக்கொள்ள முடியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியும். எங்கள் பண்ணைக்காரர் நின்றதுபோல முதலாளியும் சூப்பர்வைசரும் அந்த நேரத்தில் அங்கேயே நிற்கட்டும், போனில் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டாம். பெரிய அழிப்பு என்றால் மறுநாள் கூலியோடு லீவு கொடுங்கள். எங்களுக்கு மறுநாள் காலையில் கொட்டகை கழுவும் வேலை இருந்தது. காலிக் கொட்டகையைக் கழுவினோம்.

பயிற்சிக்கு நெடுந்தூரம் போக வேண்டாம். செட்டிநாட்டிலேயே அரசு மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. சுற்றுவட்டாரப் பண்ணை ஆட்களை வருடத்துக்கு ஒரு நாள் அங்கே கூப்பிட்டு, டாக்டரை வைத்து, சரியாக எப்படிச் செய்வது என்று கற்றுத்தரலாம். அதே நாளில் மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒருவர் வந்து அரைமணி நேரம் எங்களோடு உட்கார்ந்து பேசட்டும். மருந்து அட்டவணையைக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்றும் எழுதியிருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் 14416 என்றும் எழுதலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். என் மகள்தான் எனக்கு அதைச் சொன்னாள். போன வருடம் ஒரு நாள் மோட்டார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். எதிர்முனையில் ஒரு பெண் பேசினார். கோழி என்று சொன்னதும் சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "எத்தனை நாள் வளர்த்தீங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்வி அது.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் அழித்தவர்களில் ஒருவரிடமாவது நாலு வார்த்தை பேசிவிட்டு எழுதுங்கள். படம் எடுக்கும்போது முகத்தைப் போட வேண்டாம்.

நாளை மறுநாள் எங்களுக்குக் குஞ்சு வருகிறது. உமி இறங்கிவிட்டது, பல்பெல்லாம் துடைத்தாகிவிட்டது, பழைய தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் போட்டால் அந்த நாள் தாளை மட்டும் விரிக்காமல் எடுத்து வைப்பேன். திருப்பூருக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பண்ணைத் தொழிலாளி ஒருத்தி,
பள்ளத்தூர் அருகில், சிவகங்கை மாவட்டம்.

(என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)